கடைக் கணக்கைச் சமன்பாடாக்கித் தீர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மூன்று பேனாவும் இரண்டு நோட்டும் சேர்த்து 130. ஐந்து பேனாவும் நான்கு நோட்டும் சேர்த்து 240. ஒரு பேனா என்ன விலை, ஒரு நோட்டு என்ன விலை?

இதைப் பார்த்ததும் கை தானாக எதையாவது கூட்டவோ வகுக்கவோ ஓடும். 130-ஐ ஐந்தால் வகுத்தால் 26. மீதியில்லாமல் வகுபடவும் செய்கிறது. ஆனால் அந்த 26 எதன் விலையும் இல்லை, பேனாவையும் நோட்டையும் கலந்து எடுத்த சராசரி. இந்த மாதிரிக் கணக்குகளில் தடுக்கி விழுகிறவர்களில் பெரும்பாலோர் தீர்க்கும் இடத்தில் விழுவதில்லை, சமன்பாடு எழுதும் இடத்திலேயே விழுந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். சரியாக எழுதிவிட்டால் மீதி வேலை கூட்டலும் கழித்தலும்தான். அதனால் இங்கே எழுதுவதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். விலைகள் எந்த நாட்டுப் பணம் என்று கேட்காதீர்கள். உங்கள் பையில் எது இருக்கிறதோ அது.

முதலில், எழுத்துக்கு என்ன பொருள் என்று எழுதுங்கள்

பேனாவுக்கு "பே", நோட்டுக்கு "நோ" என்று வைத்துக்கொள்வோம். வைத்த உடனே ஓர் எச்சரிக்கை. பே என்பது பேனா இல்லை. ஒரு பேனாவின் விலை. 3பே என்றால் மூன்று பேனா அல்ல, மூன்று பேனாவுக்குக் கொடுத்த பணம். அற்பமான வேறுபாடு போலத் தெரியும். ஆனால் பாதித் தவறுகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

இதற்குப் புகழ்பெற்ற ஒரு சோதனை உண்டு. மாணவர் எண்ணிக்கை ஆசிரியர் எண்ணிக்கையைப் போல் ஆறு மடங்கு. இதைச் சமன்பாடாக எழுதுங்கள் என்று அமெரிக்கப் பொறியியல் முதலாண்டு மாணவர்களிடம் கேட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தவறாக எழுதினார்கள். ஜான் கிளெமென்ட் இதை ஆராய்ந்து 1982-இல் வெளியிட்டார். மாணவர் எண்ணிக்கை மா, ஆசிரியர் எண்ணிக்கை ஆ என்றால், தவறியவர்களில் பெரும்பாலோர் எழுதியது 6மா = ஆ. "ஆறு மாணவருக்கு ஓர் ஆசிரியர்" என்று மனத்தில் ஓடியதை அப்படியே வரிசையாக எழுதிவிட்டார்கள். சரியானது மா = 6ஆ. எழுத்தை ஆளின் பெயராக எடுத்துக்கொண்டதுதான் பிழை. அதை எண்ணாக எடுத்திருந்தால் பெரிய எண் எது, சிறியதை எத்தனையால் பெருக்கினால் அது வரும் என்று யோசித்திருப்பார்கள்.

அதனால் தாளில் முதல் வரி எப்போதும் இதுவாக இருக்கட்டும்: "பே = ஒரு பேனாவின் விலை. நோ = ஒரு நோட்டின் விலை." எழுதச் சோம்பலாக இருந்தாலும் எழுதுங்கள்.

தெரியாதது விலையா, எண்ணிக்கையா?

கடைக் கணக்குகள் பெரும்பாலும் இரண்டே குடும்பம். முதல் குடும்பத்தில் எத்தனை வாங்கினோம் என்று தெரியும், விலை தெரியாது. மேலே சொன்ன பேனா, நோட்டுக் கணக்கு அப்படிப்பட்டது. இதற்கு இரண்டு பில் வேண்டும். ஒவ்வொரு பில்லும் ஒரு சமன்பாடு.

3பே + 2நோ = 130
5பே + 4நோ = 240

இரண்டாவது குடும்பத்தில் விலை தெரியும், எத்தனை வாங்கினோம் என்பது தெரியாது. சின்னப் பெட்டி 15, பெரிய பெட்டி 25. மொத்தம் 12 பெட்டி வாங்கியதற்கு 230 ஆனது. எது எத்தனை? இங்கே இருப்பது ஒரே பில். ஆனால் அதற்குள்ளேயே இரண்டு சமன்பாடு இருக்கிறது: ஒன்று பொருள்களை எண்ணுகிறது, இன்னொன்று பணத்தை எண்ணுகிறது. சி = சின்னப் பெட்டிகளின் எண்ணிக்கை, பெ = பெரிய பெட்டிகளின் எண்ணிக்கை என்று வைத்தால்:

சி + பெ = 12
15சி + 25பெ = 230

ஒரு வரியில் இருக்கும் எல்லா உறுப்புகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும். முதல் வரியில் எல்லாம் பெட்டி. இரண்டாவதில் எல்லாம் பணம். சி + 25பெ = 230 என்று யாராவது எழுதினால், அவர் பெட்டியையும் பணத்தையும் கூட்டுகிறார். சமன்பாடு எழுதியதும் ஒவ்வொரு உறுப்பின் மேலும் "இது என்ன?" என்று விரலை வைத்துப் பாருங்கள். பத்து வினாடிக்கு மேல் ஆகாது.

"விட" என்ற சொல் எங்கே ஒட்டுகிறது?

எல்லாக் கணக்கும் பில்லாக வராது. சில வாக்கியமாக வரும். "பேனாவைவிட நோட்டு 15 அதிகம்." தமிழில் பேனா முன்னால் வந்துவிடுகிறது, 15 அதிகம் என்பது கடைசியில் வருகிறது; அவசரத்தில் பே = நோ + 15 என்று எழுதிவிடுவோம். நான் கடைப்பிடிக்கும் விதி இது: "விட" எந்தச் சொல்லோடு ஒட்டி நிற்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் கூட்டலும் கழித்தலும். "பேனாவைவிட" என்று இருப்பதால் பேனாவோடு கூட்டு: நோ = பே + 15.

கொஞ்சம் சிக்கலான வாக்கியத்திலும் இது நிற்கும். "பேனா விலையின் இரு மடங்கைவிட நோட்டு 5 குறைவு." விட ஒட்டியிருப்பது இரு மடங்கோடு. எனவே நோ = 2பே − 5.

இந்த விதிக்கு நல்ல உரைகல் ஒன்று இருக்கிறது. மட்டையும் பந்தும் சேர்த்து 110. பந்தைவிட மட்டை 100 அதிகம். பந்து என்ன விலை? மனம் உடனே 10 என்கிறது. ஷேன் ஃபிரெடெரிக் 2005-இல் வெளியிட்ட மூன்று கேள்விச் சோதனையில் முதல் கேள்வி இதுதான் (அங்கே தொகை 1.10 டாலர்), நன்றாகப் படித்தவர்களையும் இது தவறவிட்டது. எழுதிப் பாருங்கள்: ம + ப = 110, ம = ப + 100. இரண்டாவதை முதலில் வைத்தால் 2ப + 100 = 110, ப = 5. மட்டை 105. பந்து 10 என்றால் மட்டை 110 ஆகும், கூட்டினால் 120. மனம் "100 அதிகம்" என்பதை "100" என்று படித்துவிட்டது.

தீர்ப்பது: இரண்டு வழி போதும்

நீக்கல் முறைக்குப் பாடப்புத்தக விளக்கத்தைவிடக் கடை விளக்கம் எளிது. முதல் பில்லில் இருப்பதை அப்படியே இரண்டு முறை வாங்கியதாக நினையுங்கள்: ஆறு பேனா, நான்கு நோட்டு, 260. இரண்டாவது பில்லில் ஐந்து பேனா, நான்கு நோட்டு, 240. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரே ஒரு பேனா. ஆக, பே = 20. முதல் பில்லில் 60 பேனாவுக்குப் போக, 70 இரண்டு நோட்டுக்கு; நோ = 35. சமன்பாட்டை இரண்டால் பெருக்குவது, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பது என்று எழுத்தில் செய்வதெல்லாம் இதைத்தான்.

எந்த எழுத்தை நீக்குவது? எதன் கெழுவைச் (எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்ணை) சமமாக்குவது சுலபமோ அதை. இங்கே 2-ம் 4-ம் இருந்தன, எனவே நோட்டு. கெழுக்கள் 3-ம் 5-ம் மட்டும் இருந்தால் முதல் வரியை 5-ஆலும் இரண்டாவதை 3-ஆலும் பெருக்க வேண்டியிருக்கும். வேலை கொஞ்சம் கூடும், வழி அதேதான். கழிக்கும்போது கவனம் வேண்டிய ஒரே இடம் குறி. கழிக்கும் வரியின் ஒவ்வோர் உறுப்பும் குறி மாற வேண்டும், வலப்பக்க எண் உட்பட.

பிரதியிடல் முறை எண்ணிக்கைக் குடும்பத்துக்குப் பொருத்தம். சி + பெ = 12 என்றால் சி = 12 − பெ. அதைப் பண வரியில் வைத்தால் 15(12 − பெ) + 25பெ = 230, அதாவது 180 + 10பெ = 230; பெ = 5, சி = 7. இதில் அந்த 180 என்ன என்று பாருங்கள். பன்னிரண்டும் சின்னப் பெட்டியாக இருந்தால் ஆகியிருக்கும் தொகை. 50 மிஞ்சுகிறது, ஒரு சின்னதைப் பெரியதாக மாற்றினால் 10 கூடும், ஐந்து மாற்றினால் கணக்கு முடிந்தது. சமன்பாடே தெரியாதவர்கள் மனக்கணக்கில் செய்வதும் இதேதான்.

கெழுக்கள் இடம் மாறி வந்தால் இன்னொரு அழகான குறுக்குவழி உண்டு. 9ஆம் நூற்றாண்டில் கணிதர் மகாவீரர் தம் கணித சார சங்கிரகத்தில் ஒரு விலைக் கணக்கு வைத்தார்: முதல் வகைப் பழம் 9, இரண்டாம் வகை 7 சேர்ந்து 107, முதல் வகை 7, இரண்டாம் வகை 9 சேர்ந்து 101. இரண்டையும் கூட்டினால் 16 ஜோடிக்கு 208, ஒரு ஜோடி 13. கழித்தால் இரண்டு மடங்கு வித்தியாசம் 6, எனவே வித்தியாசம் 3. கூட்டுத்தொகை 13, வித்தியாசம் 3 என்றால் விலைகள் 8, 5. எதையும் பெரிய எண்ணால் பெருக்க வேண்டியிருக்கவில்லை. சமன்பாட்டைப் பார்த்ததும் வேலையில் இறங்காமல் ஒரு நிமிடம் கெழுக்களைப் பார்ப்பதற்கு இதுவே கூலி.

வரைபட முறையும் இருக்கிறது. விடை காண அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு ஒரு மயிரிழை சாய்ந்தால் 20 என்பது 19 ஆகிவிடும். அதன் உண்மையான பயன் வேறு, கொஞ்சம் கீழே வருகிறது.

கண்ணுக்குத் தெரியாத கட்டணம்

ஒரே பொருளை இணையத்தில் இரண்டு முறை வாங்கினீர்கள். நான்கு வாங்கியபோது 380, ஏழு வாங்கியபோது 620. வகுத்துப் பார்த்தால் முதலில் ஒன்று 95, அடுத்த முறை ஏறக்குறைய 88.57. விலை குறைந்துவிட்டதா? இருக்கலாம். ஆனால் விலை மாறாமல் ஒவ்வொரு முறையும் ஒரே தொகை டெலிவரிக்கு என்று சேர்ந்திருந்தாலும் இப்படித்தான் தெரியும். 4வி + க = 380, 7வி + க = 620. கழித்தால் 3வி = 240; விலை 80, கட்டணம் 60. எண்ணிக்கை கூடக்கூட ஒன்றின் விலை இறங்குவது போலத் தெரிந்தால், நிலையான கட்டணம் ஒன்று ஒளிந்திருக்கிறதா என்று சந்தேகப்படுவது நல்லது.

இதையே திருப்பினால் உறுப்பினர் கட்டணக் கேள்வி வரும். ஓரிடத்தில் ஒன்று 50. இன்னோரிடத்தில் 120 கட்டிச் சேர்ந்தால் ஒன்று 42. செலவு செ, எண்ணிக்கை எ என்றால் செ = 50எ, செ = 120 + 42எ. இரண்டும் சமமாவது எ = 15 ஆகும்போது, செலவு 750. பதினைந்துக்குக் கீழே சேர வேண்டாம், அதற்கு மேலே சேரலாம்.

தள்ளுபடியில் சராசரி எடுக்காதீர்கள்

சட்டையும் பேண்ட்டும் விலைச் சீட்டின்படி 1000. சட்டைக்கு 20% தள்ளுபடி, பேண்ட்டுக்கு 10%. கொடுத்தது 860. எது என்ன விலை? பலர் 15% என்று சராசரி எடுத்து 850 வர வேண்டுமே என்று குழம்புவார்கள். இரண்டும் சம விலையாக இருந்தால் மட்டுமே 15% சரி. கொடுத்த பணத்தைவிட மிச்சமான பணத்தை வைத்து எழுதினால் தசமம் குறையும்: மிச்சம் 140.

ச + பே = 1000
0.2ச + 0.1பே = 140

(இங்கே பே என்பது பேண்ட்டின் விலை, பேனாவை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். ஒரே கணக்குக்குள் மட்டும் எழுத்து மாறக்கூடாது.) இரண்டாவது வரியைப் பத்தால் பெருக்க 2ச + பே = 1400. முதல் வரியைக் கழிக்க, ச = 400, பே = 600. சரிபார்ப்பு: மிச்சம் 80 + 60 = 140.

விடையைச் சமன்பாட்டில் அல்ல, கேள்வியில் போட்டுப் பாருங்கள்

சமன்பாட்டையே தவறாக எழுதியிருந்தால், விடை அந்தத் தவறான சமன்பாட்டோடு அழகாகப் பொருந்தும். அதனால் சரிபார்க்க வேண்டியது கேள்வியின் சொற்களோடு. பெட்டிக் கணக்கில் 7 சின்னது, 5 பெரியது: மொத்தம் 12, ஆம்; 105 + 125 = 230, ஆம்.

விடையின் முகத்தையும் பாருங்கள். விலை எதிர்ம எண்ணாக வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது, அல்லது கேள்வியே பிசகு. எண்ணிக்கை பின்னமாக வந்தாலும் அப்படியே. மேலே 230-க்குப் பதில் 235 என்றால் பெ = 5.5 வரும். அரைப் பெட்டி யாரும் விற்பதில்லை. சமன்பாடு தீர்ந்தது, கணக்குத் தீரவில்லை. 6 என்று முழுமையாக்கி விட்டுவிடாதீர்கள், பில்லை மறுபடி படியுங்கள்.

இரண்டு பில் இருந்தும் விடை வராதபோது

ஒரு பில்: 2பே + 3நோ = 145. இன்னொன்று: 4பே + 6நோ = 290. நீக்கிப் பார்த்தால் 0 = 0 வரும். நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. இரண்டாவது பில் முதலாவதன் இரு மடங்கு, புதிதாக எதுவும் சொல்லவில்லை. தீர்வுகள் எண்ணற்றவை. இரண்டாவதில் 290-க்குப் பதில் 280 இருந்தால் 0 = 10 என்று வரும்; தீர்வே இல்லை. வரைபடத்தில் முதலாவது ஒன்றன்மேல் ஒன்று படிந்த கோடுகள், இரண்டாவது சந்திக்காத இணைகோடுகள். வரைபடம் பயன்படும் என்றது இதற்காகத்தான். கடை வாழ்க்கையில் "தீர்வே இல்லை" என்பது ஒரு செய்தி: அதிகம் வாங்கியதற்கு 10 தள்ளுபடி கொடுத்திருக்கிறார்கள், அல்லது இடையில் விலை மாறியிருக்கிறது. இரண்டு பில்லுக்கும் ஒரே விலை என்று நாம் எண்ணியது பொய்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கெழுக்களைக் குறுக்காகப் பெருக்கிக் கழியுங்கள். 2 × 6 − 3 × 4 = 0. பூச்சியம் வந்தால் ஒரே ஒரு தீர்வு கிடைக்காது. நம் முதல் கணக்கில் 3 × 4 − 2 × 5 = 2; பூச்சியமில்லை, தீர்வு உண்டு.

பூச்சியம் அல்லாமல் அதற்குப் பக்கத்தில் வந்தால்? பாடப்புத்தகங்கள் இதை அதிகம் பேசுவதில்லை, ஆனால் உண்மையான பில்களோடு மல்லுக்கட்டும்போது இதுதான் காலை வாரும். பேனா 20, நோட்டு 30 என்று வைத்து இரண்டு பில்: 5பே + 6நோ = 280, 6பே + 7நோ = 330. குறுக்குப் பெருக்கல் 35 − 36 = −1. இரண்டாவது தொகையை யாரோ தவறுதலாக 331 என்று போட்டுவிட்டார்கள் என்று கொள்ளுங்கள். தீர்த்தால் பேனா 26, நோட்டு 25. மொத்தத்தில் ஒன்றே ஒன்று பிசகியதற்கு எது விலை கூடியது என்பதே தலைகீழாகிவிட்டது! இதுவே பில்கள் 5பே + நோ = 130, பே + 5நோ = 170 என்று இருந்து, இரண்டாவது 171 ஆகியிருந்தால் விடை ஏறக்குறைய 19.96, 30.21, அதே ஒரு பிசகு விடையைத் தொட்டும் தொடாமலும் போகிறது. அங்கே குறுக்குப் பெருக்கல் 24. எனவே விலை கண்டுபிடிக்கப் பில்களைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், ஒன்றுக்கொன்று முடிந்தவரை வேறுபட்ட பில்களை எடுங்கள்: ஒன்றில் பேனா அதிகம், மற்றதில் நோட்டு அதிகம்.

மூன்று பொருள் வந்தால்

பொதுவாக மூன்று தெரியாதவைக்கு மூன்று சமன்பாடு. ஓர் எழுத்தை நீக்கி இரண்டு வரி, பிறகு இன்னோர் எழுத்தை நீக்கி ஒரு வரி, விடையோடு திரும்பி மேலே ஏறுவது. எண்களை மட்டும் கட்டமாக வைத்து இதைச் செய்யும் முறை, சீனாவின் "ஒன்பது அத்தியாயங்கள்" நூலின் எட்டாம் அத்தியாயத்தில் ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்பே இருக்கிறது. இன்று அதே வழிக்கு ஜெர்மானியக் கணிதர் காஸின் பெயர்.

சில நேரம் அவ்வளவு பாடு வேண்டியதில்லை. பேனாவும் நோட்டும் 55, நோட்டும் ரப்பரும் 43, பேனாவும் ரப்பரும் 28. மூன்றையும் கூட்டினால் 126. ஒவ்வொன்றும் இரண்டு முறை வந்திருக்கிறது, எனவே ஒவ்வொன்றில் ஒன்று 63. அதிலிருந்து 43 போனால் பேனா 20, 28 போனால் நோட்டு 35, 55 போனால் ரப்பர் 8.

இன்னும் வியப்பானது: சமன்பாடு போதாதபோதும் கேட்டதற்கு விடை கிடைக்கலாம். 3 பேனா, 5 நோட்டு, 1 ரப்பர் 243. 5 பேனா, 9 நோட்டு, 1 ரப்பர் 423. ஒவ்வொன்றில் ஒன்று வாங்க எவ்வளவு? தனித்தனி விலை இதிலிருந்து வராது. ஆனால் முதல் பில்லை இரட்டித்து இரண்டாவதைக் கழியுங்கள்: 6 − 5 பேனா, 10 − 9 நோட்டு, 2 − 1 ரப்பர்; 486 − 423 = 63. கேள்வி விலைகளைக் கேட்கிறதா, விலைகளின் ஒரு கூட்டுத்தொகையைக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

எண்ணிக்கைக் குடும்பத்தில், விடை முழு எண்ணாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடே ஒரு சமன்பாட்டின் வேலையில் பாதியைச் செய்துவிடும். 5ஆம் நூற்றாண்டுச் சீனக் கணிதர் ஜாங் சியூஜியான் கேட்டது: சேவல் 5 காசு, கோழி 3 காசு, குஞ்சு மூன்றுக்கு 1 காசு, 100 காசுக்கு 100 பறவை. தெரியாதவை மூன்று, சமன்பாடு இரண்டு. குஞ்சை நீக்கினால் 7சே + 4கோ = 100. நான்கும் நூறும் நான்கால் வகுபடுவதால் சேவலும் வகுபட்டே ஆக வேண்டும். மூன்று வகையும் வேண்டுமென்றால் சேவல் 4, கோழி 18, குஞ்சு 78. அல்லது 8, 11, 81. அல்லது 12, 4, 84. எண்ணற்ற தீர்வுகள் மூன்றாகச் சுருங்கிவிட்டன.

இந்தக் கருவி எங்கே வேலை செய்யாது

ஒன்றின் விலை எத்தனை வாங்கினாலும் மாறாது என்பதே இதுவரை நாம் எழுதிய ஒவ்வொரு வரியின் அடித்தளம். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்", "பத்துக்கு மேல் வாங்கினால் விலை குறைவு" என்று வந்தால் அந்த அடித்தளம் ஆடும். அப்போது நிலைகளைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுங்கள்: பத்துக்குக் கீழே ஒரு சமன்பாடு, மேலே வேறொன்று. எந்த நிலையை வைத்துத் தீர்த்தீர்களோ, விடை அந்த நிலைக்குள்ளேயே விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.

விலையும் எண்ணிக்கையும் இரண்டுமே தெரியாமல் ஒன்றையொன்று பெருக்கினால் நிலைமை வேறு. "120-க்குச் சில பேனா வாங்கினேன். ஒவ்வொன்றும் 5 குறைவாக இருந்திருந்தால் அதே பணத்துக்கு இரண்டு கூடுதலாகக் கிடைத்திருக்கும்." இரண்டு தெரியாதவை, இரண்டு வாக்கியம், நம் கணக்கு மாதிரியே இருக்கும். எழுதினால் எ × வி = 120, (எ + 2)(வி − 5) = 120. பெருக்கலை விரித்துச் சுருக்கினால் 2வி − 5எ = 10 என்று ஒரு நேரியல் வரி (எழுத்துகள் ஒன்றையொன்று பெருக்காத வரி) கிடைக்கும், ஆனால் எ × வி = 120 அப்படியேதான் நிற்கும். வி-ஐப் பிரதியிட்டால் எ-யின் வர்க்கம் வந்துவிடும்: எ² + 2எ − 48 = 0, அதாவது 6 பேனா, ஒன்று 20. நீக்கல் முறையை எத்தனை முறை சுற்றினாலும் இங்கே வழி கிடைக்காது. இது இருபடிச் சமன்பாட்டின் வேலை.